ஐந்தாம் அத்தியாயம்: டேப் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்

பேச்சு வராத குழந்தைக்கென்று வாங்கிய டேப், அதாவது திரையில் உள்ள படத்தைத் தொட்டால் பேசும் சாதனம், பல வீடுகளில் பீரோவின் மேல்தான் இருக்கிறது. அலட்சியம் காரணமல்ல. விலை கொடுத்து வாங்கிய பொருள், கீழே விழுந்தால் உடையும், தண்ணீர் பட்டால் கெடும் என்ற அக்கறைதான் காரணம். ஸ்பீச் தெரபி வகுப்புக்குக் கிளம்பும்போது எடுத்துப் பையில் வைப்பார்கள். திரும்பி வந்ததும் பழையபடி மேலே போய்விடும். வாரத்துக்கு 2 வகுப்பு, வகுப்புக்கு 45 நிமிடம் என்றால் மொத்தம் ஒன்றரை மணி நேரம். குழந்தை விழித்திருப்பது நாளுக்கு 14 மணி நேரம் என்று கொண்டால் வாரத்துக்கு 98. மீதி தொண்ணூற்றாறரை மணி நேரமும் அதன் குரல் பீரோவின் மேல் கிடக்கிறது. அந்த நேரத்தில் வீட்டார் என்ன செய்யலாம் என்பதைத்தான் இந்த அத்தியாயம் பேசுகிறது.

விளக்க வசதியாக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஊர் மேட்டுப்பாளையம். மலை ரயில் கிளம்பும் மேட்டுப்பாளையம் இல்லை. தொழிற்பேட்டையும் லாரி முனையமும் உள்ள புதுச்சேரி மேட்டுப்பாளையம். அப்பாவுக்குத் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் ஷிப்டு வேலை. அம்மா, அப்பாவைப் பெற்ற ஆயா, எட்டாவது படிக்கும் அக்கா, ஆறு வயதுப் பையன். பையனுக்கு ஆட்டிசம். காது நன்றாகக் கேட்கும், நாம் சொல்வதில் நிறையப் புரியும், வாயில் வருவது மூன்று நான்கு சொல்தான். மூளை முடக்குவாதமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள குழந்தைக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். விரலால் தொட முடியாத குழந்தைக்குக் கண்ணால் காட்டுவது, சுவிட்ச் அழுத்துவது என்று வேறு வழிகள் உண்டு. அவற்றைத் தெரபிஸ்டோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தச் சாதனம் நம் கைக்கு வந்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. இப்படிப்பட்ட கருவியை ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருந்தது. விலை லட்சக்கணக்கில், பேசியதோ ஆங்கிலம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக 1985இல் பூனம் நடராஜன் சென்னையில் தொடங்கிய அமைப்புதான் இன்று கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யாசாகர். மெட்ராஸ் ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன் அங்குள்ள குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் வேலை செய்து உருவாக்கியது ஆவாஸ். முதலில் அது தனிக் கருவியாக வந்தது. 2010இல் தேசிய விருது பெற்றது. 2012இல் ஐபேடுக்கான செயலியானது. இப்போது தமிழிலும் பேசுகிறது. பம்பாய் ஐ.ஐ.டி. உருவாக்கிய ஜெல்லோ என்ற செயலி இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் தெரபிஸ்ட் எந்தச் செயலியைச் சொல்லியிருந்தாலும், படம் ஒட்டிய அட்டையை மட்டுமே கொடுத்திருந்தாலும், வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

ஆயாவின் கேள்வி

டேப் வந்த முதல் வாரமே ஆயா கேட்பார்: “இதயே தட்டிட்டு இருந்தா புள்ள எப்பம்மா வாயத் தொறந்து பேசுவான்?” மருமகளால் உடனே பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் அவள் மனதிலும் அதே பயம் இருக்கிறது. இந்தப் பயத்தைத் தீர்க்காமல் மேலே போகக் கூடாது. வீட்டில் ஒருவர் நம்பாவிட்டாலும் டேப் மறுபடி பீரோவுக்குப் போய்விடும்.

அமெரிக்க ஆய்வாளர்கள் டயான் மில்லர், ஜானிஸ் லைட், ரால்ஃப் ஷ்லோசர் மூவரும் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டிச் சலித்து 2006இல் வெளியிட்டார்கள். நம்பத்தகுந்த முறையில் நடந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் 27 பேர். இவர்களில் ஒருவருக்குக்கூட வாய்ப்பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தது. மளமளவென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பலருக்குக் கூடியது கொஞ்சம்தான். ஆனால் டேப் நாக்கைக் கட்டிப்போடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஆயாவுக்குச் சதவீதக் கணக்கு போதாது. முதல் பக்கத்திலேயே அவர் போட்டோ போட்டு ஒரு பொத்தான் வையுங்கள். அதற்கு அவர் குரலையே பதியுங்கள். பையன் அதைத் தட்டியதும் அவர் எழுந்து வர வேண்டும், எந்த சீரியல் ஓடினாலும். கூப்பிட்டால் ஆள் வரும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அவன் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று ஆயாவுக்கும் தெரிந்துவிடும்.

முதலில் நீங்கள் தட்டுங்கள்

எந்தக் குழந்தையும் முதல் சொல்லைச் சொல்வதற்கு முன்னால் ஏறத்தாழ ஒரு வருடம் வீட்டார் பேசுவதைக் கேட்டுக்கொண்டே கிடக்கிறது. அந்த ஒரு வருடத்தில் யாரும் அதற்குப் பரீட்சை வைப்பதில்லை. டேப்பில் பேச வேண்டிய குழந்தைக்கோ முதல் நாளே பரீட்சை தொடங்கிவிடுகிறது: “ஆப்பிள் எங்க, தொடு. பந்து எது, காட்டு.” இந்தத் திரையைத் தொட்டு யாராவது பேசி அவன் பார்த்ததே இல்லை. பார்க்காத மொழியை அவன் எப்படிப் பேசுவான்?

ஆகவே வீட்டில் இருக்கும் எல்லோரும் அவனிடம் பேசும்போது டேப்பையும் தட்டிக்கொண்டே பேச வேண்டும். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் முழு வாக்கியம், விரலால் அதில் ஒன்றிரண்டு சொல், அவ்வளவுதான். “இட்லி வேணுமா கண்ணு?” என்று கேட்கும்போது ‘வேணும்’ என்பதைத் தொடுங்கள். ஆவி பறந்தால் ‘சூடு’. ஊதிக் காட்டும்போது ‘ஊது’. சட்னி சிந்திவிட்டால் ‘கொட்டிடுச்சு’. இட்லி தீர்ந்ததும் ‘முடிஞ்சிடுச்சு’. இப்போதைக்கு அவன் எதையும் தட்டாமல் இருக்கிறானா, நீங்கள் ஒரு சொல் தட்டுங்கள். அவன் ஒரு சொல் தட்டத் தொடங்கிவிட்டால் நீங்கள் இரண்டுக்குப் போங்கள்: ‘இன்னும் தா’, ‘அக்கா வா’.

அவன் திரையைப் பார்க்கவில்லையே என்று தாடையைப் பிடித்துத் திருப்ப வேண்டாம். ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருப்பான், காதும் கேட்கிறது. அவன் விரலைப் பிடித்துப் பொத்தான் மேல் அழுத்தவும் வேண்டாம். அப்போது பேசியவர் நீங்கள். அவன் கையை மட்டும் கடன் வாங்கியிருக்கிறீர்கள்.

கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். கேள்வியை வாங்கி, சொல்லைத் தேடி, விரலைக் கொண்டுபோக அவனுக்கு அவ்வளவு நேரம் வேண்டும். இடையில் கேள்வியைத் திரும்பக் கேட்டால் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கூட்டுக் குடும்பத்தில் அவனுக்காகப் பதில் சொல்லப் பக்கத்தில் யாராவது தயாராக இருப்பார்கள். எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அக்கா இதை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள் என்பது என் நம்பிக்கை. பிள்ளைகள் டேப்பை விளையாட்டாகத் தட்டுவார்கள், தப்பாகத் தட்டினால் சிரித்துவிட்டு மறுபடி தட்டுவார்கள். பெரியவர்களுக்குத்தான் தப்பு வந்துவிடுமோ என்ற கூச்சம்.

இன்னொன்று. அவன் கையை நீட்டித் தண்ணீர்ச் சொம்பைக் காட்டினால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான் என்றே பொருள். “டேப்ல சொல்லு, அப்பத்தான் தருவேன்” என்று நிறுத்தி வைப்பது பேச்சைத் தண்டனையாக்கிவிடும். தண்ணீரைக் கொடுங்கள். கொடுத்துக்கொண்டே ‘தண்ணி’ என்று நீங்கள் தட்டுங்கள். கை, கண், முகம், வாயில் வரும் அரைச்சொல், டேப் எல்லாமே அவன் பேச்சுதான்.

எந்தச் சொற்கள், எந்தத் தமிழ்

புது டேப்பில் பழம், மிருகம், நிறம் என்று பக்கம் பக்கமாகப் படம் இருக்கும். ஒட்டகச்சிவிங்கி படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாளில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை? யார் பேசினாலும் அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி சில நூறு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. வேணும், வேணாம், இன்னும், போதும், தா, வா, போ, எடு, வை, திற, மூடு, பாரு, நில்லு, நான், நீ, இது, அது, எங்க, என்ன, யாரு, பிடிக்கும், பிடிக்கல. சாப்பாட்டிலும் குளியலிலும் கடைத்தெருவிலும் இவைதான் திரும்பத் திரும்ப வரும். முதல் பக்கம் இவற்றுக்கே.

ஒருமுறை வைத்த இடத்தை மாற்றாதீர்கள். நாம் இருட்டிலும் ஸ்விட்ச் பலகையைத் தடவி ஃபேன் போடுகிறோம் அல்லவா, அதுபோல அவன் விரல் இடத்தைத்தான் நினைவில் வைக்கிறது. படத்தை மாற்றுங்கள், குரலை மாற்றுங்கள், கட்டத்தை நகர்த்த வேண்டாம். புதுச் சொல் வேண்டுமென்றால் காலியான கட்டத்தில் சேருங்கள். அதற்காகவே தொடக்கத்திலிருந்து சில கட்டங்களைக் காலியாக விட்டு வைப்பது நல்லது.

செயலியோடு வரும் தமிழ் பெரும்பாலும் பாடப்புத்தகத் தமிழ். ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று டேப் பேசினால் தெருப் பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் காதில் நாள் முழுக்க விழுவது ‘தண்ணி வேணும்’. டேப்பும் அதையே பேச வேண்டும். பொத்தானில் எழுதியிருப்பது எப்படியிருந்தாலும் ஒலியை உங்கள் வீட்டுப் பேச்சாகப் பதிந்துகொள்ள முடியுமா என்று செயலியின் அமைப்புகளில் பாருங்கள். பையனுக்கு அவன் வயதொத்த ஒரு பையனின் குரல் கிடைத்தால் மிகவும் நல்லது. அத்தை மகனைக் கூப்பிட்டு ஒரு மத்தியானம் உட்கார வைத்தால் முதல் பக்கம் முழுவதையும் பதிந்துவிடலாம்.

வினைச்சொல்லின் விகுதியைப் பற்றித் தொடக்கத்தில் கவலைப்பட வேண்டாம். அவன் ‘அப்பா போ’ என்று தட்டினால், “ஆமா, அப்பா வேலைக்குப் போயிட்டாரு” என்று வாயால் நிறைவு செய்யுங்கள். ஆனால் அவன் ‘போ’ என்று கேள்வியாகக் கேட்கிறானா, செய்தி சொல்கிறானா, அப்பாவை அனுப்பப் பார்க்கிறானா என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். தெரியவில்லை என்றால் தெரிந்ததுபோல நடிக்காதீர்கள். “எனக்குப் புரியல, இன்னொருவாட்டி சொல்லுப்பா” என்று கேட்பது மரியாதை.

வேணாம் என்று சொல்லும் உரிமை

சில வீடுகளில் ‘வேணாம்’ பொத்தானை மறைத்து வைத்திருப்பார்கள். தெரியும்படி வைத்தால் எல்லாவற்றுக்கும் அதையே தட்டுகிறானாம். தட்டத்தான் செய்வான். ஆறு வருடமாக வாய்க்குள் திணித்த சோறு, தலையில் தேய்த்த எண்ணெய், பிடிக்காத சட்டை எதற்கும் மறுப்புச் சொல்ல அவனுக்கு வழியே இருந்ததில்லை. கத்துவதும் கடிப்பதும் தலையை முட்டிக்கொள்வதும்தான் மறுப்பாக இருந்தன. இப்போது ஒரு விரலால் அதைச் சொல்ல முடிகிறது என்றால் அது முன்னேற்றம். அந்தப் பொத்தான் முதல் பக்கத்திலேயே, எளிதாக எட்டும் மூலையில் இருக்க வேண்டும்.

‘வேணாம்’ என்று சொன்னால் முடிந்தவரை நடக்க வேண்டும். நான்காவது இட்லி வேணாமா, வைக்காதீர்கள். நீலச் சட்டை வேணாமா, வேறு எடுங்கள். மருந்து, ஊசி, பல் தேய்ப்பது போன்றவற்றில் விட்டுக்கொடுக்க முடியாதபோதும் கேட்டதாகக் காட்டுங்கள்: “வேணாம்னு சொல்ற, கேட்டுச்சு. கசக்கும்தான். ஆனா இத குடிக்கணும். குடிச்சிட்டு என்ன செய்யலாம், நீ சொல்லு.” சொல்லிவிட்டு டேப்பை அவன் பக்கம் திருப்புங்கள்.

இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. பேச முடியாத குழந்தையிடம் தப்பாக நடப்பவர்கள் அது யாரிடமும் சொல்லாது என்ற தைரியத்தில்தான் நடக்கிறார்கள். உடல் உறுப்புகளின் பெயர் ஒன்றுவிடாமல் டேப்பில் இருக்கட்டும், மறைவிடங்களும் சேர்த்து. ‘தொடாத’, ‘வலிக்குது’, ‘பயமா இருக்கு’, ‘அம்மாகிட்ட சொல்லணும்’ என்பவையும் இருக்கட்டும். குளிப்பாட்டும்போது சாதாரணமாக, வெட்கப்படாமல் இவற்றைத் தட்டிப் பழக்குங்கள்.

குறும்புக்குத் தண்டனையாக டேப்பைப் பிடுங்கி வைப்பது ஒருபோதும் கூடாது. பேசும் பிள்ளை குறும்பு செய்தால் வாயைத் தைத்து வைப்பதில்லை. அவன் நாற்பது தடவை ‘பிஸ்கட்’ என்று தட்டினாலும், “தீந்துபோச்சு, சாயங்காலம் வாங்கலாம்” என்று பதில் சொல்லிக்கொண்டிருங்கள். டேப்பின் சத்தத்தைக் குறைக்கலாம், டேப்பை எடுக்கக் கூடாது.

கேட்பதற்கு மட்டும் அல்ல

டேப் பல வீடுகளில் கேட்டு வாங்கும் கருவியாகவே நின்றுவிடுகிறது. பேச்சில் வம்பு இருக்கிறது, புகார் இருக்கிறது, கேலி இருக்கிறது, வெறுமனே ‘அங்க பாரு’ என்று காட்டுவது இருக்கிறது. அப்பா நைட் ஷிப்டு முடிந்து காலையில் வந்து படுத்திருக்கிறார். ‘அப்பா தூக்கம்’ என்று அவன் தட்டினால் அது செய்தி. ‘அக்கா அடிச்சா’ என்றால் அது புகார். பொய்யாகக்கூட இருக்கலாம், பொய் சொல்லத் தெரிவதும் வளர்ச்சியே. வேலைக்கு இடையில் அப்பா ஒரு போன் செய்யட்டும். டேப்பைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து ‘என்ன சாப்ட்ட’ என்று அவன் கேட்கட்டும். அப்பா உண்மையான பதிலைச் சொல்லட்டும்.

வெளியே போகும்போது

தோளில் மாட்டும் வார் வைத்த உறை வாங்குங்கள். டெம்போவில் ஏறும்போது அவன் தோளிலேயே இருக்கட்டும், உங்கள் பைக்குள் போக வேண்டாம். பெட்டிக் கடையில் நீங்கள் வாங்கித் தருவதைவிட அவன் தட்டிக் கேட்பது நல்லது. கடைக்காரரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும்: “அண்ணே, கொஞ்சம் காத்திருந்து அவன் கேட்டதக் குடுங்க.” ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தை தொடக்கத்தில் வேண்டாம். அந்தக் கூட்டத்திலும் இரைச்சலிலும் டேப்பின் சத்தம் அவனுக்கே கேட்காது. கடற்கரைச் சாலை நல்ல இடம். சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அங்கே வண்டி வராது. ‘ஓடு’, ‘நில்லு’, ‘இன்னும்’, ‘அலை பாரு’ எல்லாம் நிஜமாகவே செய்து பழகலாம். உப்புக் காற்றும் மணலும் சாதனத்துக்கு ஆகாது என்பதால் தண்ணீருக்குக் கிட்டப் போகும்போது மட்டும் டேப்புக்குப் பதிலாக, முதல் பக்கத்தை அச்சிட்ட அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

திருவிழாவுக்குப் போவதென்றால் இரண்டு நாள் முன்பே சொற்களைச் சேர்த்துவிடுங்கள். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் இன்னும் பல ஊர்ச் சாமிகளும் வந்து நிற்கும்போது அவனுக்கும் ‘சாமி’, ‘மேளம்’, ‘பலூன்’ வேண்டும். அதைவிட அவசியம் ‘சத்தமா இருக்கு’, ‘வீட்டுக்குப் போலாம்’. அவன் கடைசியதைத் தட்டினால், தீர்த்தவாரி பாக்கி இருந்தாலும் கிளம்புங்கள்.

ஆஸ்பத்திரிக்கென்று தனிப் பக்கம் வேண்டும். ஜிப்மர் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் டாக்டர் முன் உட்கார்ந்த பிறகு பக்கம் தயாரிக்க முடியாது. எங்கே வலி, எப்படி வலி, எப்போதிலிருந்து, குமட்டுதா, ஒண்ணுக்கு வருதா என்று சொற்களைச் சேர்த்து, காய்ச்சல் இல்லாத நாளில், பொம்மைக்கு வலிப்பதாக வைத்து விளையாடிப் பழகுங்கள்.

பள்ளியில் “இங்க எல்லாம் டேப் கூடாது” என்றால் தயங்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இப்படிப்பட்ட மாற்றுத் தொடர்பு முறைகளையும் ‘தகவல் தொடர்பு’ என்ற சொல்லுக்குள் சேர்த்தே வரையறுக்கிறது. பேச்சுக் குறைபாடு உள்ளவர்கள் அவற்றைப் பயன்படுத்த ஊக்குவிப்பதைக் கல்வி தொடர்பான அதன் 17ஆவது பிரிவு அரசின் கடமையாக வைத்திருக்கிறது. சட்டத்தைச் சொல்வதற்கு முன், அவன் டேப்பில் பேசுவதை ஆசிரியர் ஒருமுறை நேரில் பார்க்கட்டும். அதுவே பல நேரம் போதுமானதாக இருக்கிறது.

சார்ஜ், பூட்டு, அட்டை

ராத்திரி அவன் தூங்கியதும் சார்ஜ் போடுங்கள். அவன் விழித்திருக்கும்போது வயரில் தொங்கக் கூடாது. பேசும் டேப்பில் யூடியூப் வேண்டாம். ஒரே சாதனத்தில் இரண்டும் இருந்தால் யூடியூப்தான் ஜெயிக்கும். செயலியை விட்டு வெளியே போக முடியாதபடி திரையைப் பூட்டி வைக்கும் வசதி ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது, அதைப் போட்டு வையுங்கள். சேர்த்த சொற்களையும் பதிந்த குரல்களையும் மாதம் ஒருமுறை நகல் எடுத்து உங்கள் போனில் சேமியுங்கள். டேப் உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், ஒரு வருடமாகச் சேர்த்த சொற்களைக் கடையில் வாங்க முடியாது.

அது ஒருநாள் உடையவும் செய்யும். புயல் மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமலும் போகும். அதற்கு முன்பே முதல் பக்கத்தைத் திரையோடு படம் எடுத்து, கலரில் பிரிண்ட் போட்டு, ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்துவிடுங்கள். கட்டங்கள் டேப்பில் உள்ள அதே இடத்தில் இருக்க வேண்டும். கீழே ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேருங்கள்: ‘நான் சொல்ல நினைக்கிறது இதுல இல்ல.’ அவன் அதைத் தொட்டால் சாப்பாடா, ஆளா, இடமா, உடம்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போங்கள், தலையாட்டும்வரை. இரண்டு மூன்று பிரதி போடுங்கள்: குளியலறைக் கதவின் உள்பக்கத்தில் ஒன்று, பள்ளிப் பையில் ஒன்று, ஆயாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று.